எல்லையோர வேலையும் மொழித் தகுதியும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

பாலக்காடு, இடுக்கி, ஆந்திரச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றையே கேட்கின்றன: "பக்கத்து மாநில மொழி எங்களுக்கு நன்றாகப் பேச வரும். வேலைக்கு அது போதுமா?" போதாது. சந்தையிலும் பஸ்ஸிலும் பேசிப் பழகிய மொழியை எந்தத் தேர்வு அறிவிப்பும் கணக்கில் எடுப்பதில்லை. மதிப்பெண் பட்டியலில் அச்சாகியிருக்கும் மொழிதான் கணக்கு. அது இல்லையென்றால், அதிகாரி முன்னால் படித்தும் எழுதியும் காட்டக்கூடிய மொழி. இரண்டு மொழி பேசி வளர்ந்த பிள்ளைகள் இந்த ஒரு விஷயத்தில் கோட்டை விடுவது வருத்தமான செய்தி. இந்த இதழில் அதையே விரிவாகப் பார்க்கிறோம்.

மகள் தமிழ் வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடிக்கிறாள். மலையாள வழிக்கு மாற்றினால்தான் நாளைக்கு வேலை கிடைக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். மாற்றலாமா?
வாசகி, கொழிஞ்சாம்பாறை

வழியை மாற்ற வேண்டாம் அம்மா. மொழிப் பாடத்தை மட்டும் யோசித்து எடுங்கள். பயிற்று மொழி வேறு, மொழிப் பாடம் வேறு. வேலை அறிவிப்புகள் பெரும்பாலும் கேட்பது இரண்டாவதைத்தான். கணக்கும் அறிவியலும் ஏழு வருடம் தமிழில் படித்த பிள்ளையை எட்டாம் வகுப்பில் திடீரென்று மலையாள வழியில் உட்கார வைத்தால், அவள் மொழியோடும் மல்லுக்கட்ட வேண்டும், பாடத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். மதிப்பெண் சரியும்.

கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழிக்கு இரண்டு தாள்கள் உண்டு. முதல் பகுதியில் மலையாளம், தமிழ், கன்னடம், உருது, சமஸ்கிருதம், அரபி போன்றவற்றில் ஒன்றை எடுக்கலாம். இரண்டாம் பகுதியிலும் மலையாளம், தமிழ், கன்னடம் என்று தேர்வு இருக்கிறது. தமிழ் வழிப் பிள்ளைகளில் பலர் இரண்டு தாளையும் தமிழிலேயே எழுதி முடிக்கிறார்கள். உங்கள் மகளுக்கு முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி மலையாளம் என்று எடுக்க முடிந்தால், எஸ்.எஸ்.எல்.சி. புக்கில், அதாவது மதிப்பெண் சான்றிதழில், இரண்டு மொழியும் ஏறிவிடும். அவளுக்குப் பிற்காலத்தில் இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இதற்கு எட்டாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன்பே தலைமையாசிரியரைப் பாருங்கள். கேட்க வேண்டியது மூன்று. பள்ளியில் மலையாள ஆசிரியர் இருக்கிறாரா? இரண்டாம் பகுதியில் மலையாளம் எடுத்த பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிறார்களா? எட்டில் எடுத்ததைப் பத்து வரை தொடர வகுப்பு நடக்குமா? ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு மாற்றுவது ரொம்பக் கஷ்டம். பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017இல் வந்ததே என்று நீங்கள் கேட்கலாம். வகுப்பில் மலையாளம் சொல்லிக்கொடுப்பதும், அது பொதுத்தேர்வுப் பாடமாக மதிப்பெண்ணோடு புக்கில் ஏறுவதும் ஒன்றல்ல. புக்கில் ஏறுகிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அஞ்சல் துறையின் ஜி.டி.எஸ். (கிராம அஞ்சல் ஊழியர்) வேலையையே எடுத்துக்கொள்வோம். அதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. கிளை அஞ்சல் அதிகாரிக்குத் தொடக்கம் ரூ.12,000, உதவியாளருக்கு ரூ.10,000, அகவிலைப்படி தனி. நிபந்தனை ஒன்றுதான் கறாரானது: அந்த அஞ்சல் வட்டத்தின் மொழியைக் கட்டாயப் பாடமாகவோ விருப்பப் பாடமாகவோ பத்தாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். கேரள வட்டத்துக்கு மலையாளம், தமிழ்நாட்டு வட்டத்துக்குத் தமிழ், ஆந்திர வட்டத்துக்குத் தெலுங்கு. தமிழ் மட்டும் ஏறிய புக்கோடு கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் பெண், தன் தெருவிலுள்ள தபால் ஆபீஸுக்கு விண்ணப்பிக்க முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் விண்ணப்பிக்கலாம். இரண்டும் ஏறியிருந்தால் இரண்டு பக்கமும் வாசல் திறந்திருக்கும்.

ஆந்திரப் பக்கத்துத் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அங்கே பத்தாம் வகுப்பில் முதல் மொழி தமிழ், இரண்டாம் மொழி தெலுங்கு என்று தானாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் தெலுங்கு வழிக்கு மாறிய தமிழ்ப் பிள்ளைகளின் பட்டியலில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் மட்டும் இருக்கும், தமிழ் இருக்காது. நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்துப் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டக் குடும்பம். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டேன். கேரள பி.எஸ்.சி. கிளார்க் தேர்வை மலையாளம் எழுதத் தெரியாமல் எழுத முடியுமா?
வாசகர், மூணாறு

முடியும் தம்பி. கேரள அரசுப் பணித் தேர்வாணையமான பி.எஸ்.சி., தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினருக்கு அவரவர் மொழியில் வினாத்தாள் தருகிறது. கிளார்க் தேர்வின் 100 மதிப்பெண்ணில் வட்டார மொழிப் பகுதிக்கு 10 மதிப்பெண்; அதையும் தமிழில் எழுதலாம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும் என்பதால், அரைகுறை மலையாளத்தில் கேள்வியைப் புரிந்துகொள்ள முயல்வதைவிடத் தமிழ்த் தாள் வாங்குவதே புத்திசாலித்தனம்.

பலர் தவறுவது பதிவில். பி.எஸ்.சி.யின் 'துளசி' இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்து விண்ணப்பித்தால் மட்டும் போதாது. தேர்வுக்கு முன் குறிப்பிட்ட நாட்களுக்குள் "தேர்வு எழுதுவேன்" என்று உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஹால் டிக்கெட் வராது, அந்தத் தேர்வு உங்களுக்கு இல்லை. வினாத்தாள் மொழியையும் தளம் கேட்கிற இடத்திலேயே தமிழ் என்று குறித்துவிடுங்கள். தேர்வறையில் போய்க் கேட்டால் கிடைக்காது. விண்ணப்பத்தின் நகலை எடுத்து வைத்து, மொழி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இன்னொரு பதவியையும் தேடிப் பாருங்கள்: "தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க்". தமிழர் நிறைய வாழும் மாவட்டங்களில் தமிழில் வரும் மனுவைப் படித்து மலையாளக் கோப்பில் ஏற்றுவதற்கென்றே இப்படித் தனி அறிவிப்பு வரும். காசர்கோட்டில் இதே போல் கன்னடத்துக்கு உண்டு. பொதுக் கிளார்க் தேர்வோடு ஒப்பிட்டால் போட்டியாளர் குறைவு, ஏனென்றால் இரண்டும் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. உங்களுக்குத் தமிழ் கைவசம் இருக்கிறது. பாதித் தூரம் நடந்துவிட்டீர்கள்.

வேலை கிடைத்த பிறகு மலையாளம் வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். பள்ளியில் மலையாளம் படிக்காதவர் தகுதிகாண் காலம் முடிவதற்குள் மொழித் தேர்வில் தேற வேண்டும்; தேறாவிட்டால் தகுதிகாண் காலம் நிறைவாகாது. இந்த ஏற்பாட்டின் வேர் 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் இருக்கிறது. மொழிச் சிறுபான்மையினருக்கு அப்போதும், 1961 முதலமைச்சர்கள் மாநாட்டிலும் ஒப்புக்கொண்ட பாதுகாப்புகளில் ஒன்று: வேலையில் சேரும்போது மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது, தகுதிகாண் காலத்துக்குள் தேர்வு வைத்துக்கொள்ளலாம். ஆகவே இது யாரும் இரக்கப்பட்டுத் தரும் சலுகை அல்ல. உங்களுக்கு உரிய பாதுகாப்பு. அதோடு, கவுண்டரில் நிற்கும் மலையாளிக்கு அவர் மொழியில் பதில் பெற உரிமை இருக்கிறது. நியமன உத்தரவில் எந்தத் தேர்வு, எவ்வளவு காலத்துக்குள் என்று எழுதியிருக்கும் வரியை முதல் நாளே அடிக்கோடிட்டு வையுங்கள். வேலைப் பளுவில் அதைத் தள்ளிப் போட்டால் பிறகு இன்கிரிமென்ட் நிற்கும்போதுதான் நினைவு வரும்.

பி.காம். முடித்து வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். வீடு கேரளத்தில், படிப்பு முழுக்கத் தமிழில். எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிப்பது?
வாசகர், வண்ணாமடை

ஸ்டேட் பாங்க் ஜூனியர் அசோசியேட் (கிளார்க்) வேலைக்கு ஒருவர் ஒரே ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம். சேர்ந்த பிறகு வேறு மாநிலத்துக்கு மாற்றல் கிடையாது. குடியிருக்கும் மாநிலத்துக்குத்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனவே விண்ணப்பத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் கட்டம் உங்கள் வேலைக்காலம் முழுவதையும் தீர்மானிக்கிறது. நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம் அது.

மாநிலத்தின் மொழியைப் படிக்க, எழுத, பேச, புரிந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ அந்த மொழியைப் படித்ததற்கு மதிப்பெண் பட்டியல் காட்டினால் மொழித் தேர்வு இல்லை. காட்ட முடியாதவருக்கு மெயின் தேர்வில் தேர்வான பிறகு, வேலையில் சேர்வதற்கு முன், மொழித் தேர்வு வைப்பார்கள். அதற்கு மதிப்பெண் சேராது; ஆனால் தேறாவிட்டால் வேலை இல்லை. இரண்டு கட்டத் தேர்வையும் தாண்டி வந்தவர் கடைசிப் படியில் சறுக்கி விழுவது இங்கேதான். ரிசல்ட் வந்த பிறகு எழுத்துப் பழக ஆரம்பிப்பவருக்கு நேரம் போதாது.

உங்கள் பட்டியலில் தமிழ் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு விண்ணப்பித்தால் மொழிக் கவலையே இல்லை. கோயம்புத்தூர், பொள்ளாச்சிக் கிளைகள் பக்கம்தான் என்றாலும், தமிழ்நாட்டின் எந்த மூலைக்கும் போடலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கேரளத்துக்குத்தான் போட வேண்டும், அம்மா அப்பாவை விட்டுப் போக முடியாது என்றால் இன்றைக்கே மலையாள எழுத்தைத் தொடங்குங்கள். பிரிலிம்ஸ் படிப்போடு தினமும் 40 நிமிடம் போதும்.

பேச்சு வரும் தமிழருக்கு எழுத்தில் எங்கே தடுக்கும் என்பது தெரிந்த விஷயம். தமிழில் வல்லின எழுத்து ஒன்று இருக்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு இருக்கும். பாலம், பலம், பயம் என்ற மூன்று சொற்களையும் நாம் ஒரே 'ப'வில் தொடங்குகிறோம். மலையாளத்தில் மூன்றும் மூன்று வெவ்வேறு எழுத்துகள். வாய் சரியாகச் சொல்லும், கை தவறான எழுத்தைப் போடும். அதனால் எழுத்துகளை அகர வரிசையில் மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், இப்படி மும்மூன்று சொற்களாக எழுதிப் பழகுங்கள். அடுத்தது சில்லெழுத்துகள்: ண், ன், ர், ல், ள் என்று சொல்லின் கடைசியில் வரும் மெய்களுக்கு நம்மைப் போலப் புள்ளி வைப்பதில்லை, தனி வடிவம் உண்டு. ஐந்துதான், இரண்டு நாளில் பிடிபடும். மூன்றாவது கூட்டெழுத்துகள். மலையாள எழுத்துச் சீர்திருத்தம் 1971இல் வந்தபோது பல கூட்டெழுத்துகள் பிரிந்து எளிதாயின. ஆனால் கையால் எழுதுவோரிடமும் பழைய பத்திரங்களிலும் பழைய வடிவம் இன்னும் இருக்கிறது. அச்செழுத்தில் முதலில் சரளம் வரட்டும், பிறகு யாராவது கைப்பட எழுதிய கடிதத்தைப் படித்துப் பழகுங்கள்.

முதல் மாதம் எழுத்து. இரண்டாம் மாதம் நாளிதழில் ஒரு சிறு செய்தியைச் சத்தமாகப் படிப்பது, பார்த்து எழுதுவது. மூன்றாம் மாதம் பார்க்காமல் பத்து வரி எழுதுவது: உங்கள் ஊர், குடும்பம், ஏன் வங்கி வேலை, ஏ.டி.எம். கார்டு தொலைந்தால் வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும், இப்படி. எழுதியதை மலையாள வழியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் திருத்தித் தருவான். கேரள எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷன் நடத்தும் 'பச்ச மலையாளம்' சான்றிதழ் படிப்பும் இதற்கு உதவும். அந்தச் சான்றிதழ் பத்தாம் வகுப்புப் பட்டியலுக்கு ஈடல்ல, எழுதப் பழகுவதற்கான வழி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆந்திரச் சித்தூர் மாவட்டம், தெலுங்கு வழிப் படிப்பு. திருத்தணிக்கு வாக்கப்பட்டு வந்திருக்கிறேன். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். குரூப் 4 எழுதலாமா?
வாசகி, திருத்தணி

எழுதலாம். தமிழ்ப் பகுதியைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் போட்ட ஆணைக்குப் பிறகு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள் எல்லாவற்றிலும் தமிழ்த் தகுதி கட்டாயம். குரூப் 4இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் முதல் 100 கேள்வி தமிழ், 150 மதிப்பெண். இதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காதவரின் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால் 40 கேள்வி சரியானால் 60 வந்துவிடும். ஆனால் தமிழ் மதிப்பெண் தரவரிசையிலும் சேரும். 40 கேள்வியோடு நிற்பவருக்கு வேலை வராது. 85க்கு மேல் குறி வையுங்கள்.

முன்பு தமிழ் படிக்காதவர் வேலையில் சேர்ந்து, இரண்டு ஆண்டுக்குள் இரண்டாம் நிலை மொழித் தேர்வு எழுதித் தேறும் வழி இருந்தது. விதியில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் வாசலிலேயே தமிழ்த் தேர்வு வந்துவிட்டதால், சேர்ந்த பிறகு கற்றுக்கொள்வோம் என்ற நினைப்பு இனி உதவாது. எல்லையோர மக்களுக்கு இது கடுமையான மாற்றம்தான். கேரளத்துக்குச் சொன்ன அதே 1956 பாதுகாப்பை இங்கேயும் நினைவில் வைத்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து. ஆணை மாறும் வரை காத்திருக்க முடியாது என்பதால் படிப்பைப் பார்ப்போம்.

பத்தாம் வகுப்புத் தரம் என்பதால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆறு முதல் பத்து வரையிலான தமிழ்ப் புத்தகங்களே மூலம். வீட்டில் தமிழ் பேசித் தெலுங்கில் படித்தவர்கள் மதிப்பெண் இழப்பது பிழை திருத்தம், ஒலி வேறுபாடு, சேர்த்தெழுதுதல் போன்ற பகுதிகளில். 'ர'வும் 'ற'வும் காதில் ஒன்றாகவே விழும், 'ல', 'ள', 'ழ' பேச்சில் கலந்துவிடும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் தினம் ஒரு பக்கம் பார்த்து எழுதுங்கள், கை பழகினால் கண் தவறை உடனே காட்டும். எட்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு வரும்போது இலக்கணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. திருமணத்தால் இடஒதுக்கீட்டுப் பிரிவு மாறாது. வெளிமாநிலச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும், வயது வரம்பும் அதற்குரியதே. விண்ணப்பத்தில் இதைத் தவறாகக் குறித்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேற்றிவிடுவார்கள்.

ஆந்திரத்தில் தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர் ஆவதற்குத் தகுதித் தேர்வைத் தமிழில் எழுத முடியுமா?
வாசகி, குப்பம்

முடியும். ஆந்திர ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. எடுக்கும் மொழியைப் பத்தாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும். கேரளத்தின் கே-டெட் தேர்விலும் முதல் வகைத் தாளில் 30 மதிப்பெண் மொழிப் பகுதியை மலையாளம், தமிழ், கன்னடம் மூன்றில் ஒன்றில் எழுதலாம். தமிழ் வழிப் பணியிடங்கள் குறைவு. ஆனால் அவற்றுக்குத் தமிழ் படித்தவரைத் தவிர வேறு யாரும் வர முடியாது.

ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி விளம்பரங்களில் "தமிழ், தெலுங்கு தெரிந்திருக்க வேண்டும்" என்று வருகிறது. தெலுங்கு பேசுவேன், படிக்கத் தெரியாது. போகலாமா?
வாசகர், கும்மிடிப்பூண்டி

எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. தனியார் விளம்பரத்தில் வரும் அந்த ஒரு வரி மூன்று விதமான எதிர்பார்ப்பைக் குறிக்கும். மெஷின் ஆபரேட்டருக்கு என்றால் லைன் லீடர் சொல்வது புரிந்து, பதில் சொல்லத் தெரிந்தால் போதும். சூப்பர்வைசருக்கு என்றால் ஷிப்ட் மாறும்போது எழுதும் பதிவேட்டைப் படிக்கவும், வாட்ஸப்பில் வரும் தெலுங்குச் செய்தியைப் பார்த்து ஆள் பிரிக்கவும் தெரிய வேண்டும். ஹெச்.ஆர்., ஸ்டோர்ஸ், வாகன அனுப்பீடு போன்றவற்றில் எழுதவும் வேண்டும். போன் செய்து "பேச மட்டுமா, படிக்கவும் எழுதவுமா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். கேட்காமல் போய் முதல் வாரத்தில் திரும்பி வருபவர்கள்தான் அதிகம்.

பயோடேட்டாவில் "தெலுங்கு தெரியும்" என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். "தெலுங்கு: சரளமாகப் பேசுவேன், படிக்கக் கற்றுவருகிறேன்" என்று பிரித்து எழுதினால் நேர்காணலில் நம்பிக்கை வரும். தெலுங்கு எழுத்தில் தமிழருக்குத் தடையாவது 'ஒத்து'. இரட்டை மெய்யில் இரண்டாவது எழுத்து முதல் எழுத்தின் அடியில் சிறிய வடிவத்தில் தொங்கும். பல ஒத்துகளின் வடிவம் மூல எழுத்தைப் போலவே இராது. எழுத்துகளைக் கற்று, ஒத்துகளைத் தனி அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, பஸ் பெயர்ப்பலகைகளையும் கடைப் பலகைகளையும் படித்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பதிவேடு படிக்கும் அளவு வந்துவிடும். முதலில் படிக்க வேண்டியவை அபாயப் பலகைகள்: மின்சாரம், ரசாயனம், தீ, வெளியேறும் வழி. சம்பளத்துக்கு முன்னால் உயிர் முக்கியம்.

ஒப்பந்தத் தாள் உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நகல் வாங்கி, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பி.எப்., இ.எஸ்.ஐ. பிடித்தம், கூடுதல் நேரச் சம்பளம், வேலையை விடும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற வரிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வில்லேஜ் ஆபீஸில் தமிழில் மனு கொடுத்தால் மலையாளத்தில் எழுதி வா என்கிறார்கள். இது சரியா?
வாசகர், பீர்மேடு

சரியல்ல. குறை தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு. தமிழிலேயே இரண்டு பிரதி எழுதி, மேலே பொருள் வரியை மட்டும் மலையாளத்திலும் சேர்த்துக் கொடுத்து, ஒரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி, மாவட்ட ஆட்சியருக்கும் நகல் போடுங்கள். மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அதிகாரி 350ஆ பிரிவின்படி அமைந்தவர். அவருக்குச் சென்னையில் மண்டல அலுவலகம் உண்டு, அங்கும் எழுதலாம். ஆனால் தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு விதி வேறு: ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்று சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. அதை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் மொழியைக் காரணம் காட்டித் திருப்பிவிட இடம் கொடுத்ததாகும்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று வருட அனுபவம். ஜெர்மனிக்குப் போக எவ்வளவு ஜெர்மன் வேண்டும்? பணம் கேட்கும் ஏஜென்சிகளை நம்பலாமா?
வாசகி, பாலக்காட்டுச் சித்தூர்

ஜெர்மனியில் முழு நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 என்ற மொழி நிலை வேண்டும். அதற்கு ஒரு படி கீழான பி1 முடித்துப் போய், உதவியாளர் பதவியில் இருந்துகொண்டே பி2 முடிக்கும் ஏற்பாடும் உண்டு. வெளிநாடுவாழ் கேரளருக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்கா ரூட்ஸ், ஜெர்மன் வேலைவாய்ப்பு அமைப்போடு 2021 டிசம்பரில் ஒப்பந்தம் செய்து நடத்தும் 'டிரிபிள் வின்' திட்டம் அப்படிப்பட்டது. அதில் பி1 வரை மொழிப் பயிற்சி இங்கேயே இலவசம். தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. இந்த இரண்டையும் விசாரித்த பிறகு மற்றவர்களைப் பாருங்கள்.

கோதே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் பி1, பி2 தேர்வுகளில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. ஒவ்வொன்றும் 100 புள்ளி, 60 எடுத்தால் தேர்ச்சி. ஒரு பகுதி போனால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். நான்கையும் திரும்ப எழுதக் கட்டணம் கட்டச் சொல்லும் பயிற்சி மையத்திடம் இதைச் சொல்லுங்கள். சான்றிதழ் வாங்கிய பிறகு வார்டில் தடுமாறுபவர்கள் கேட்டலிலும் பேசுதலிலும் 60ஐ ஒட்டித் தேறியவர்களாகவே இருப்பார்கள். ஷிப்ட் ஒப்படைப்பில் நோயாளியின் நிலை, மருந்தளவு, ஒவ்வாமை இவற்றை வேகமாகச் சொல்லவும் கேட்டுக் குறிக்கவும் வேண்டும். தவறாகக் கேட்டால் தவறான மருந்து போய்விடும். பி1 படிக்கும்போதே இந்த உரையாடல்களைத் தனியாகப் பழகுங்கள்.

தனியார் ஏஜென்சி என்றால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000, அதன் மேல் ஜி.எஸ்.டி. அதற்கு மேல் லட்சங்களில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரிட்டன் என்றால் ஜெர்மன் தேவையில்லை, ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு போதும். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் எழுதுதலுக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 கேட்கிறார்கள்.

மகன் கனடாவில் இருக்கிறான். வேலை விளம்பரங்களில் "பைலிங்குவல்" என்று பார்க்கிறானாம். அவனுக்குத் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றும் தெரியும். விண்ணப்பிக்கலாமா?
வாசகர், ஆந்திரச் சித்தூர்

கனடாவில் அந்தச் சொல் ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்தவரைத்தான் குறிக்கும். தமிழ் வேண்டுமென்றால் தமிழ் என்று பெயர் சொல்லியே கேட்பார்கள். டொராண்டோப் பக்கம் குடியேறியோர் உதவி மையங்கள், நீதிமன்ற மொழிபெயர்ப்பு போன்றவற்றில் அப்படி வேலைகள் உண்டு. பிரெஞ்சு தெரியாமல் முதல் வகைக்கு விண்ணப்பித்தால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே முடிந்துவிடும்.

கனடா ஒன்றிய அரசு வேலைகளில் இரண்டாம் மொழியைப் படித்தல், எழுதுதல், பேசுதல் என்ற வரிசையில் மூன்று எழுத்தாகக் குறிப்பார்கள். ஏ தொடக்கம், பி இடைநிலை, சி உயர்நிலை. "சி பி சி" என்றால் படித்தலில் உயர்நிலை, எழுதுதலில் இடைநிலை, பேசுதலில் உயர்நிலை. அந்தத் தேர்வு முடிவு ஐந்தாண்டு செல்லும். கியூபெக் மாகாணத்தில் நிலைமை வேறு: அங்கே பிரெஞ்சுதான் வேலை மொழி, பிரெஞ்சைத் தவிர வேறு மொழி கேட்கும் முதலாளிதான் அது ஏன் தேவை என்று காட்ட வேண்டும்.

மகன் இன்னும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை (பி.ஆர்.) பெறவில்லை என்றால் பிரெஞ்சு படிப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. புள்ளி போட்டுக் குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சின் நான்கு திறன்களிலும் ஏழாம் நிலையும், ஆங்கிலத்தில் நான்கிலும் ஐந்தாம் நிலையும் எடுத்தால் கூடுதலாக 50 புள்ளி. ஆங்கிலம் அதற்குக் கீழே என்றால் 25. இதற்கு டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப். கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுத வேண்டும். இவற்றின் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால், மற்ற ஆவணங்களைத் தயார் செய்துகொண்டு தேர்வுத் தேதியைக் கடைசியில் போடச் சொல்லுங்கள்.